நடுச்சுவர் கண்ட மேதை மைக்கேல் பாரடே

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

விளக்கை ஏற்றுவோர் பலர். அது எப்படி எரிகிறது என்று கேட்போர் சிலர். அது வீட்டை எரிக்காதிருக்க என்ன வழி என்று எண்ணுவோர் மிகச் சிலரே. அந்த மிகச் சிலருள் ஒருவராகத் திகழ்ந்தவர் மைக்கேல் பாரடே. மின்னோடிக்கும் மின்னாக்கிக்கும் வழி வகுத்தவர் என்று பள்ளிப் பாடநூல்களில் நாம் அவரைப் படித்திருக்கிறோம். ஆயின், இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் உருவாக்க முயலும் திண்ம மின்கலத்திற்கு முதல் விதையை ஊன்றியவரும் அவரே என்பதைப் பலர் அறியார்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது எங்கள் தெருவில் சென்ற ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி. இரவில் சார்ஜ் போட்டு விட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் ஒன்று தீப்பிடித்தது. பக்கத்துத் திண்ணையில் படுத்திருந்த பாட்டியை என் அப்பா தூக்கிக்கொண்டு ஓடினார். உயிர்ச் சேதம் இல்லை. திண்ணைக் கீற்று மட்டும் எரிந்தது. மறுநாள் காலை அப்பா என்னிடம், காலேஜில் படிக்கிறாயே, பேட்டரி ஏன் எரிகிறது என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு விடை தெரியவில்லை. விடையைத் தேடி நூலகத்திற்குப் போன இடத்தில்தான் பாரடேயின் வாழ்க்கையைப் படித்தேன்.

கொல்லர் மகன்

1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பாரடே பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர், நோயாளி. பட்டறையில் முழு நாள் நிற்க அவரால் இயலாது. 1801இல் தானிய விலை ஏறிய காலத்தில், சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுக்கப்பட்டதாம். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது.

1805இல், தம் 14ஆம் வயதில், ரீபோ என்பவரின் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் அங்கே உழைத்தார். பிறர் நூல்களைக் கட்டுவது அவர் தொழில். கட்டும் முன் அவற்றைப் படிப்பது அவர் வழக்கம். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூலும் அவர் வாழ்வைத் திருப்பின. மாலை வேளைகளில் அறிவியல் சொற்பொழிவு கேட்க ஒரு ஷில்லிங் கட்டணம் வேண்டும். அதைக் கொடுத்தவர் கொல்லுத் தொழில் செய்த அவருடைய அண்ணன் இராபர்ட். தம்பி படிக்கத் தம் கூலியில் ஒரு பங்கு கொடுத்த அந்த அண்ணனையும் நாம் மறக்கலாகாது.

ஏழு காசுகளும் ஆறு காகிதங்களும்

1812இல் பாரடே தம் கையாலேயே ஒரு மின்கல அடுக்கைச் செய்தார். அதற்கு அவர் கொண்ட பொருள்கள் ஏழு அரைப்பென்னிச் செப்புக் காசுகள், ஏழு துத்தநாக வில்லைகள், உப்புநீரில் நனைத்த ஆறு காகிதத் துண்டுகள். அவ்வளவே! இந்தச் சிறு அடுக்கைக் கொண்டு மக்னீசியம் சல்பேட்டுக் கரைசலை அவர் சிதைத்துக் காட்டினார்.

நண்பர்களே, இந்த ஆறு காகிதங்களைச் சற்றே கூர்ந்து பாருங்கள். மின்கலத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே நிற்கும் அந்த ஈரக் காகிதம் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். அயனிகள் உள்ளே கடந்து செல்ல வழி விடவேண்டும். எலெக்ட்ரான்கள் உள்வழியாகவே கடந்துவிடாமல் தடுக்கவும் வேண்டும். எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாகச் சுற்றி வந்தால்தான் நமக்கு வேலை நடக்கும். நடுச்சுவர் பழுதாகி அவை உள்ளேயே குறுக்கே பாய்ந்தால், அதுதான் உட்குறுக்குச் சுற்று. வீட்டில் ஷார்ட் சர்க்யூட் என்று சொல்கிறோமே, அது மின்கலத்தின் வயிற்றுக்குள்ளேயே நிகழ்வது.

இந்நோய் மின்கலத்தோடு கூடவே பிறந்தது. 1800இல் வோல்டா உலகிற்கு அளித்த முதல் மின்கல அடுக்கிலேயே இது உண்டு. அடுக்கை உயரமாக எழுப்பினால், மேல் தகடுகளின் எடை தாங்காமல் கீழே உள்ள அட்டைகளிலிருந்து உப்புநீர் பிதுங்கிப் பக்கவாட்டில் வழியும். அந்த ஈரமே குறுக்குப் பாதையாகிவிடும். பின்வந்தோர் தகடுகளைத் தொட்டியில் படுக்கை வாக்கில் வைத்து இக்குறையைத் தணித்தனர்.

டேவியின் உதவியாளர்

அதே 1812இல் கடைக்கு வந்த டான்ஸ் என்னும் வாடிக்கையாளர், அரச ஆய்வுக் கழகத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டுக் கொடுத்தார். நான்கு சொற்பொழிவுகளைக் கேட்ட பாரடே, குறிப்புகளை விரித்தெழுதி, படங்கள் வரைந்து, தாமே அழகுறக் கட்டி டேவிக்கு அனுப்பினார். புத்தகம் கட்டும் தொழிலையே தொடருமாறு முதலில் டேவி அறிவுரை கூறினார். ஆயினும் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் நீக்கப்பட்டதும் பாரடேயின் நினைவே அவருக்கு வந்தது. 1813 மார்ச் 1ஆம் நாள் பாரடே அப்பணியில் அமர்ந்தார்.

அவ்வாண்டே டேவியோடு ஐரோப்பியப் பயணம் சென்றார். டேவியின் மனைவி அவரை ஒரு வேலைக்காரராகவே நடத்தினார். மனம் நொந்து அறிவியலையே விட்டுவிடலாமா என்றுகூட அவர் எண்ணியதுண்டு. ஆனால் அதே பயணத்தில்தான், 1814இல் மிலான் நகரில், முதியவரான வோல்டாவை நேரில் காணும் பேறு அவருக்குக் கிட்டியது.

திரும்பி வந்த 1815இல், சுரங்கத் தொழிலாளர் பாதுகாப்பு விளக்கை டேவி உருவாக்கியபோது பாரடே உடனிருந்து உதவினார். சுரங்கத்தில் எரிவாயு கசியும்; விளக்கின் சுடர் பட்டால் வெடிக்கும். டேவி சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலையை அமைத்தார். காற்று வலையைக் கடந்து உள்ளே செல்லும். ஆனால் வலை வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் சுடர் வெளியே வராது. ஒன்றை விட வேண்டும், மற்றொன்றைத் தடுக்க வேண்டும் என்னும் அதே தத்துவம்! நடுச்சுவர் ஒன்று மனித உயிரைக் காக்கும் என்பதைப் பாரடே தம் 24ஆம் வயதிலேயே கண்ணாரக் கண்டார்.

பனிக்கட்டி தந்த பாடம்

1821இல் மின்னோடிக்கு அடிப்படையான மின்காந்தச் சுழற்சி, 1825இல் பென்சீன், 1831இல் மின்காந்தத் தூண்டல் என்று அவருடைய வெற்றிகள் தொடர்ந்தன. இவற்றை நாம் வகுப்பறையிலேயே கற்பதால் இங்கு விரிக்கவில்லை. நம் பொருளுக்குரிய ஆண்டு 1833.

அவ்வாண்டின் தொடக்கத்தில் மின்பகுப்பு ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது, பனிக்கட்டி மின்சாரத்தைத் தடுப்பதை அவர் கண்டார். மெல்லிய பனிப்படலம் ஒன்று இடையில் நின்றாலே மின்னோட்டம் நின்றது; உருகி நீரானதும் ஓடியது. வேறொருவர் இதைக் கண்டு வியந்து விட்டிருப்பார். பாரடேயோ, பிற பொருள்களும் இப்படித்தானா என்று கேட்டார். ஈயக் குளோரைடு முதலிய பல உப்புகளை உருக்கிச் சோதித்தார். அவை உருகிய நிலையில் கடத்தின, உறைந்ததும் கடத்தவில்லை. அயனிகள் நகர நெகிழ்ந்த நிலை வேண்டும் என்னும் விதி தெளிவாயிற்று.

விதியைக் கண்டவர் அத்தோடு ஓய்ந்திருக்கலாம். ஆனால் வெள்ளி சல்பைடு அவ்விதிக்குப் பணியவில்லை. திண்மமாக இருக்கும்போதே, விளக்கால் சூடேற்றினால் அது நன்றாகக் கடத்தியது. ஆறினால் கடத்தும் திறன் குறைந்தது. உலோகங்களின் இயல்புக்கு இது நேர்மாறு. ஈயப் புளூரைடும் அவ்வாறே செஞ்சூட்டை நெருங்கும்போது, உருகுமுன்பே, கடத்துவதை அவர் கண்டார். தம் விதிக்குப் பொருந்தவில்லையே என்று இவ்விரண்டையும் அவர் மறைக்கவில்லை. காரணம் விளங்காத நிலையிலும் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்தார்.

இன்று நமக்குக் காரணம் தெரியும். ஈயப் புளூரைடில் புளூரைடு அயனிகள் திண்மத்தின் படிகக் கூட்டிற்குள்ளேயே இடம்விட்டு இடம் தாவுகின்றன. நீர்மமே இல்லாமல் மின்பகுளி அமையக்கூடும் என்பதற்கு அது முதற்சான்று. வெள்ளி சல்பைடிலோ வெள்ளி அயனிகளோடு எலெக்ட்ரான்களும் சேர்ந்தே செல்கின்றன. ஆகவே அது நடுச்சுவராக ஆகாது. நல்ல சுவர் எது, ஆகாத சுவர் எது என்னும் இரண்டு மாதிரிகளும் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே இருந்தன!

பெயர் சூட்டிய கதை

மின்பகுளி, மின்வாய், அயனி ஆகியவற்றிற்கு வழங்கும் ஆங்கிலச் சொற்கள் பாரடேயின் ஆய்வுகளுக்காகவே 1834ஆம் ஆண்டளவில் உருவாயின. எலெக்ட்ரோலைட், ஆனோடு, கேத்தோடு, அயன் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதியபோது, தமிழ் வழியில் படித்து வந்த நான் முதலாண்டில் கலங்கிப் போனேன். பிறப்பிலேயே ஆங்கிலமும் கிரேக்கமும் அறிந்த மேதைகளின் உடைமை இவை, நமக்கு எட்டா என்று எண்ணினேன். உண்மை வேறு! பாரடேக்குக் கிரேக்கமும் தெரியாது, இலத்தீனும் தெரியாது. தாம் கண்டதற்குப் பெயர் வேண்டும் என்று கற்றறிந்த நண்பர்களிடம் வெட்கப்படாமல் கேட்டார். ஆனோடு, கேத்தோடு, அயன் என்னும் சொற்களைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹூவெல் எடுத்துக் கொடுத்தார். தெரியாததைக் கேட்டுப் பெறுவது இழிவன்று என்பதை அந்தச் சொற்களே நமக்குச் சொல்கின்றன.

பண்பு

1844இல் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 பேர் மாண்டனர். அரசின் சார்பில் விசாரிக்கப் பாரடேயும் நிலவியலறிஞர் லயலும் சென்றனர். விசாரணையின்போது, தாம் அமர்ந்திருந்த மூட்டை என்னவென்று பாரடே கேட்க, அது வெடிமருந்து என்றார்களாம்! எரியும் மெழுகுவர்த்தியும் அருகிலேயே இருந்ததாம். எரிவாயுவோடு நிலக்கரித் தூசியும் அவ்விபத்தைப் பெரிதாக்கியது என்று இருவரும் எடுத்துக் காட்டினர். கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் தூசியே பேரழிவு தரும் என்னும் எச்சரிக்கை அது.

புகழும் பொருளும் தேடி வந்தபோதும் அவர் எளிமையை விடவில்லை. 1857இல் ராயல் கழகத்தின் தலைமைப் பதவியை அளிக்க முன்வந்தபோது மறுத்துவிட்டார். சிறுவர்களுக்காக அவர் ஆற்றிய மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகள் 1861இல் நூலாயின. முதுமையில் நினைவாற்றல் தளர்ந்தது. 1867 ஆகஸ்ட் 25ஆம் நாள், விக்டோரியா அரசியார் அளித்திருந்த ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில், தம் 75ஆம் வயதில் காலமானார். ஹைகேட் இடுகாட்டில் எளிய கல்லறை ஒன்றில் துயில்கிறார்.

விதை முளைத்தது

பாரடே மறைந்து சரியாக நூறாண்டு கழிந்த 1967இல், அமெரிக்காவின் போர்டு நிறுவன ஆய்வாளர்கள் சோடியம் அயனிகளை விரைவாகக் கடத்தும் பீட்டா அலுமினா என்னும் பீங்கானைப் பற்றி அறிவித்தனர். திண்ம மின்பகுளி மீண்டும் அறிஞர் கவனத்திற்கு வந்தது. ஆனால் 1991இல் சந்தைக்கு வந்த லிதியம் அயனி மின்கலம் நீர்ம மின்பகுளியையே நம்பியது. நம் கைப்பேசியிலும் மின்சார வண்டியிலும் பெரும்பாலும் இருப்பது அதுவே.

அதன் நடுவே நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் தாள் ஒன்று நிற்கிறது. தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு, அல்லது அதிலும் குறைவு. அதில் ஊறியிருக்கும் நீர்மம் எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான். தயாரிப்பின்போது உலோகத் துகள் ஒன்று விழுந்தாலும், தகட்டின் ஓரத்தில் பிசிறு இருந்தாலும், அடிபட்டு நசுங்கினாலும் இத்தாள் கிழியலாம். மிகக் குளிரிலோ அளவு மீறிய வேகத்திலோ மின்னூட்டினால், லிதியம் உள்ளே புகாமல் உலோகமாகப் படிந்து, மரக்கிளை போல் வளர்ந்து தாளைத் துளைக்கலாம். அவ்வளவில் மின்கலம் உள்ளுக்குள் சூடேறும்; சூடு வேதிவினையைத் தூண்டும்; வேதிவினை மேலும் சூட்டை வளர்க்கும்; இறுதியில் தீ!

அந்தத் தாளையும் நீர்மத்தையும் அகற்றிவிட்டு, அயனியை மட்டும் விடும் திண்மச் சுவர் ஒன்றை வைத்தால் என்ன? இதுவே திண்ம மின்கலத்தின் நோக்கம். இத்துறையில் தமிழர் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றுண்டு. 2007இல் ஜெர்மனியின் வெப்னர் அவர்களுடன் இராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை ஆகியோர் லிதியம், லாந்தனம், சிர்கோனியம், ஆக்சிஜன் சேர்ந்த கார்னெட் வகைத் திண்மம் ஒன்றை அறிவித்தனர். லிதியத்தோடு சேர்ந்தாலும் எளிதில் சிதையாத இப்பொருள் இன்று உலகெங்கும் ஆராயப்படுகிறது.

சுவர் கட்டும் வேலை

பொருள் கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அதைச் சுவராகச் செய்வதே பெரும்பாடு. தூளை நுண்ணிதாக அரைத்து, பசை சேர்த்து, அப்பளம் போல் மெல்லிய தாளாக வார்த்து, 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூளையில் சுட வேண்டும். சரியாக வேகாத பானை கசிவதைப் போல, நுண்துளை நின்ற தாளில் லிதியம் புகுந்துவிடும். அதிக நேரம் சுட்டாலோ லிதியமே ஆவியாகிப் போகும். எனவே முதலிலேயே சிறிது கூடுதல் லிதியம் சேர்த்து, அதே தூளால் மூடிச் சுடுகிறார்கள்.

சுட்ட தாளைக் காற்றில் வைத்தால் ஈரமும் கரியமில வாயுவும் பட்டு மேலே லிதியம் கார்பனேட் படியும். அதன்மேல் லிதியம், தாமரை இலைத் தண்ணீர் போல ஒட்டாமல் நிற்கும். அங்கங்கே மட்டும் தொடுவதால், தொட்ட இடங்களில் மின்னோட்டம் குவிந்து கிளை முளைக்கும். ஆகவே மேற்பரப்பைத் தேய்த்தோ சூடாக்கியோ துப்புரவாக்கி, சில வேளைகளில் அலுமினியம் ஆக்சைடின் மிக மெல்லிய பூச்சும் கொடுக்கிறார்கள்.

சல்பைடு வகைத் திண்மங்களும் உள. 2011இல் ஜப்பானிய அறிஞர் கன்னோ குழுவினர் கண்ட ஒன்று நீர்மத்திற்கு நிகராகக் கடத்தியது. இவை மென்மையானவை, சூளையின்றி அழுத்தியே தாளாக்கலாம். ஆனால் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும். நம் ஆய்வகத்துக் கிப் உபகரணத்தின் அழுகிய முட்டை நாற்றம் யாருக்குத்தான் தெரியாது! எனவே ஈரமற்ற உலர் அறைகளில்தான் அவ்வேலை நடக்க முடியும்.

இத்தனை செய்தும் லிதியம் விடுவதில்லை. கடினமான பீங்கான் அதைத் தடுத்துவிடும் என்று முதலில் நம்பினர். ஆனால் கண்ணுக்குத் தெரியாத விரிசலில் நுழைந்து, ஆலஞ்செடி மதிற்சுவரைப் பிளப்பதுபோல், லிதியம் பீங்கானையும் பிளந்து செல்வதைப் பின்னர் கண்டனர். சுவரின் ஊடே சிறிதளவு எலெக்ட்ரான் கசிந்தாலும், நட்டநடுவிலேயே லிதியம் உலோகமாகப் படிந்துவிடும். வெள்ளி சல்பைடில் பாரடே கண்ட கலப்புக் கடத்தல் இங்கே நினைவுக்கு வருகிறது அன்றோ! ஆகவே திண்மம் என்பதாலேயே காப்பு வந்துவிடாது. குறையின்றிச் செய்யப்பட்ட திண்மமே காப்பு. அதை மலிவாகவும் பெருமளவிலும் செய்வதே ஆய்வாளர் முன் நிற்கும் பணி.

நிறைவாக

கொல்லர் மகனாகப் பிறந்து, பட்டம் எதுவும் பெறாமல், பிறர் புத்தகங்களைக் கட்டி வாழ்ந்த ஓர் இளைஞர், ஈரக் காகிதத்தில் தொடங்கினார். தம் விதிக்குப் பொருந்தாத இரு திண்மங்களையும் ஒளிக்காமல் எழுதினார். அந்த நேர்மையின் பயனை இன்றைய உலகம் நுகரக் காத்திருக்கிறது. நம் ஆய்வகக் குறிப்பேட்டில் எதிர்பார்த்த விடை வராதபோது, பக்கத்து மாணவனின் அளவீட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் நம்மில் இல்லையா? நானும் அவ்வாறு எழுதியவனே. இனி எழுதமாட்டேன்.

எங்கள் தெருவில் அந்த வண்டி எதனால் எரிந்தது என்று நான் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆனால் இத்தகைய மின்கலத்தில் தீ எப்படிப் பிறக்கும் என்பதை அப்பாவிடம் இரண்டு காசுகளையும் ஒரு ஈரக் காகிதத்தையும் வைத்து விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த நடுக் காகிதத்தை நல்லதாகச் செய்ய நீயும் படி என்றார். கல்லூரி காணாத என் தந்தை இட்ட அப்பணியை ஏற்றிருக்கிறேன். நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களின் துணையோடு நம்மில் சிலரேனும் அச்சுவரைக் கட்டும் கூட்டத்தில் சேர்வோமாக!